ரோபோ அச்சில் மண் சுவர்: எங்கே கைகொடுக்கும், எங்கே வீண்செலவு?

#1 வளைகோடு

மண்ணைக் குழைத்து, குழாய் வழியாகத் தள்ளி, ரோபோ கை ஒன்று படை படையாகச் சுவர் வைக்கிற காணொளிகளைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். அதில் அதிகம் பேசப்படுவது டெக்லா வீடு. இத்தாலியின் மாசா லோம்பார்தாவில் 3டி அச்சு எந்திரங்கள் செய்யும் வாஸ்ப் நிறுவனமும் மாரியோ குசினெல்லாவின் கட்டிடக்கலை அலுவலகமும் சேர்ந்து 2021இல் கட்டியது. இரண்டு குவிமாடங்கள் ஒட்டி நிற்கும், சுமார் 60 சதுர மீட்டர், கூரையும் மண்தான்.

அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: 350 படைகள், ஒவ்வொரு படையும் 12 மி.மீ. உயரம், அச்சு நேரம் 200 மணி, பிதுக்கிய மண்ணின் மொத்த நீளம் 150 கி.மீ., பொருள் 60 கன மீட்டர், மின்சாரம் சராசரியாக 6 கிலோவாட்டுக்கும் கீழே.

எனக்கு ஒரு சிறிய கூடம் வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. வட்ட வடிவம், 6 மீட்டர் விட்டம், 3 மீட்டர் உயரம். மண் சுவர்தான் என்பது முடிவாகிவிட்டது. அச்சிடுவதா, கையால் வைப்பதா என்பதுதான் பாக்கி. விளம்பரப் பேச்சு வேண்டாம். மண்ணில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள். மெஷின் இருந்தால் வேலை உண்மையிலேயே வேகமாகுமா? சிமென்ட் சேர்க்காமல் நிற்குமா? மழை, நிலநடுக்கம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

#2 நேர்குண்டு

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்ததுதான் முதலில் பேச வேண்டியது. சரி, வரிசையாகவே வருகிறேன்.

இடித்த மண் சுவருக்கு நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு ஈரம் இருந்தால் போதும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், கீழே போட்டால் உதிரும், அந்தப் பதம். பலகை அடைத்துத் திமிசு போட்டு இடித்தால் பலகையைப் பிரித்த நிமிடமே சுவர் தன் காலில் நிற்கும். குழாயில் ஓட வேண்டிய மண்ணுக்கு அதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். மண் சுவருக்குத் தண்ணீர்தான் எதிரி. நீங்கள் மெஷினுக்காக அதையே கூடுதலாக ஊற்றுகிறீர்கள். ஊற்றிய தண்ணீர் வெளியே போகும்போது சுருக்கம் வரும், சுருக்கத்தோடு வெடிப்பு வரும்.

எந்திரமே கூடாது என்று சொல்லவில்லை. ஆஸ்திரியாவின் மார்ட்டின் ரவுஹ் சுவிட்சர்லாந்தின் லவுஃபனில் ரிக்கோலா நிறுவனத்தின் மூலிகைக் கூடத்துக்கு இடித்த மண்ணைப் பெரிய பெரிய பாளங்களாக எந்திரத்தில் முன்கூட்டியே செய்து, உலர்த்தி, கிரேனால் தூக்கி அடுக்கினார். 2014இல் முடிந்த வேலை. அது எந்திரம் மண்ணின் குணத்துக்கு வளைந்துகொடுத்த வேலை. இந்த அச்சு வேலையில் மண்தான் எந்திரத்துக்கு வளைந்துகொடுக்கிறது.

#3 ஈரமண்

நேர்குண்டு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, மேலே வளைகோடு கொடுத்த எண்களையே எடுத்துக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். எந்த விளம்பரத்தையும்விட அதில் விஷயம் இருக்கிறது.

60 கன மீட்டர் மண் 150 கி.மீ. நீளத்துக்குப் போயிருக்கிறது. அப்படியானால் பிதுக்கிய மண்ணின் வெட்டுப்பரப்பு 4 சதுர செ.மீ.தான். உயரம் 12 மி.மீ. என்றால் அகலம் சுமார் 33 மி.மீ. பார்க்கப் பிரம்மாண்டமாக இருந்தாலும் மூன்று விரல் அகலம்கூட இல்லாத பட்டையைத்தான் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார்கள். 200 மணியில் 350 படை என்றால் ஒரு படைக்கு 34 நிமிடம். உயரக் கணக்கில் மணிக்கு 2 செ.மீ.

இந்த 34 நிமிடம்தான் முக்கியம். ஈரமண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 முதல் 2 டன் எடை. ஒரு மீட்டர் உயரத்துக்கு வைத்தால் ஆக அடியில் உள்ள படையில் 18 முதல் 20 கிலோபாஸ்கல் அழுத்தம் விழும். குழாயில் ஓடுகிற பதத்தில் குழைத்த மண் அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். 4 கிலோபாஸ்கல் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 செ.மீ. உயரம் வந்ததும் அடியில் உள்ள படை பக்கவாட்டில் பிதுங்க ஆரம்பித்துவிடும். டெக்லா வேகத்தில் 20 செ.மீ. எழும்ப 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கீழே இருப்பது ஓரளவு ஈரம் இழந்து இறுகிவிடுகிறது. மேலே எடை ஏறும் வேகமும் கீழே மண் உலரும் வேகமும் ஒன்றையொன்று துரத்துகின்றன. எடை முந்தினால் சுவர் சரியும்.

சிமென்ட் கலவைக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் தண்ணீர் பட்டதும் வேதிவினை தொடங்கிவிடும், மருந்து சேர்த்து அதை முடுக்கவும் முடியும். மண்ணில் வினை எதுவும் இல்லை. துகள்களுக்கு இடையில் மிஞ்சுகிற கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். உலர உலர அந்தப் பிடி கூடும்.

இப்போது உங்கள் கூடத்துக்கு வருவோம். 6 மீட்டர் விட்டம் என்றால் வெளிச்சுற்று 19 மீட்டர். உள்தோல், இரு தோலுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் வளைந்து வளைந்து போகும் இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரு படைக்கு 70 மீட்டர் பாதை என்று வைப்போம். டெக்லாவில் இரண்டு கைகள் வேலை செய்தன. ஒரு கையின் வேகம் விநாடிக்குச் சுமார் 10 செ.மீ. என்று வருகிறது. அதே வேகத்தில் உங்கள் ஒரு படை 12 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மண் 34 நிமிடம் கேட்கிறது. 250 படைக்கு மெஷின் ஓடுவது 50 மணி, சுவருக்கு வேண்டியது 140 மணிக்கு மேல். மீதி நேரமெல்லாம் ரோபோ சும்மா நிற்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் இன்னும் மோசம்.

ஆக, மெஷின் வந்தால் வேகமாகுமா என்ற கேள்விக்குப் பதில்: சின்னக் கட்டிடத்துக்கு ஆகாது. வேகத்தை முடிவு செய்வது கை அல்ல, காற்று.

#4 புதுசு21

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் கொஞ்சம் சிமென்ட் கலந்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததே? அழுத்திச் செய்யும் மண்கல்லிலேயே சேர்க்கிறார்களே.

#5 சுண்ணாம்புக்காளவாய்

வந்துவிட்டதா கேள்வி. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

தம்பி, நூற்றுக்கு 8 பங்கு சிமென்ட் போடுகிறோம் என்று வைத்துக்கொள். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு கன மீட்டர் மண் 2 டன். அதில் 8 பங்கு 160 கிலோ. மண் சுவரை 40 செ.மீ. கனத்துக்கு வைப்பாய். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 64 கிலோ சிமென்ட் போய்விட்டது. சாதாரணக் கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 300 கிலோ போட்டு 20 செ.மீ. சுவர் எழுப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 60 கிலோ. நீ மண் வீடு கட்டி, கான்கிரீட் வீட்டைவிட அதிகமாகச் சிமென்ட் தின்றிருக்கிறாய். கான்கிரீட்டின் பலமும் கிடைக்காது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சிமென்ட் கலக்காத மண் சுவரை இடித்தால் தண்ணீர் ஊற்றிக் குழைத்து மறுபடியும் சுவராக்கலாம். கலந்தபின் அது வெறும் இடிபாடு.

வாஸ்ப் 2018இல் அச்சிட்ட காயா வீட்டைப் பார். அந்தக் கலவையில் அந்த இடத்து மண் 25 பங்கு, நறுக்கிய நெல் வைக்கோல் 40 பங்கு, உமி 25 பங்கு, நீரில் இறுகும் சுண்ணாம்பு 10 பங்கு. மண்ணைவிட வைக்கோலும் உமியும்தான் அதிகம்! சிமென்ட் இல்லாமல் சமாளித்தார்கள், சுண்ணாம்பு இல்லாமல் முடியவில்லை. அந்தச் சுவருக்கான பொருள் செலவு 900 யூரோ என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது சுவர்ப் பொருள் மட்டும். மரக்கூரை, கதவு, ஜன்னல், மெஷின், ஆள் எதுவும் அதில் சேராது.

#6 நேர்குண்டு

காளவாய் சார், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. நீங்கள் சாதாரணக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். அச்சிடுகிற கான்கிரீட் அப்படி இல்லை. முக்கால் அங்குல ஜல்லியெல்லாம் நாசிலில், அதாவது கலவை வெளியே வரும் குழாய் முனையில், போகாது, அதனால் சிமென்ட் விகிதம் சாதாரணக் கலவையைவிட நன்றாகவே மேலே போய்விடும். அதோடு அச்சிட்ட மண் சுவர் முழுக்கக் கெட்டியும் அல்ல; உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். அச்சையும் அச்சையும் ஒப்பிட்டால் மண்தான் ஜெயிக்கும்.

ஆனால் சிமென்ட் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். வேறு வழிகளும் பார்த்திருக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கலந்தால் மண் பிதுங்கி வந்த கொஞ்ச நேரத்திலேயே கட்டிப்பட்டு அடுத்த படையைத் தாங்குகிறது என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சோதனைச்சாலையில் நன்றாக இருக்கிறது. அறுபது கன மீட்டருக்கு அதை வாங்கிக் கலப்பது வேறு கதை.

#7 கலவைமெஷின்

நான் ஒரு பட்டறையில் மண் பிரிண்டர் ஓட்டுகிறவன். இதுவரை யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன்: ஹாப்பருக்கு, அதாவது மெஷினில் மண் கொட்டும் தொட்டிக்கு, முன்னால் நடக்கும் வேலை.

காணொளியில் கை சுழல்வதைத்தான் காட்டுவார்கள். கேமராவில் படாத இடத்தில் ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருக்கும். மண்ணைத் தோண்டி, காயவைத்து, உடைத்து, சலிக்க வேண்டும். சல்லடையைத் தாண்டி ஒரே ஒரு கூழாங்கல் வந்தாலும் மண்ணைத் தள்ளும் திருகின் முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் ஏறும், ஹோஸ் மூட்டு வழியாக மண் பீய்ச்சும், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். வைக்கோலை நீளமாக விட்டால் குழாய் குறுகும் இடத்தில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் பிழிந்து வெளியே வரும், மண் பின்னால் கட்டியாக நின்றுவிடும். ரொம்பப் பொடியாக நறுக்கினால் வெடிப்பைப் பிடிக்கிற வேலையை அது செய்யாது.

அப்புறம் காற்று. கலவையில் காற்றுக் குமிழ் மாட்டினால் நாசிலில் 'டப்' என்று வெடிக்கும், அந்த இடத்தில் படை அறுந்துபோகும். பற்பசை டியூபில் காற்று இருந்தால் துப்புமே, அதேதான். வெடித்த இடத்தைக் கையால் நிரப்பாமல் விட்டால் மேலே வரும் ஒவ்வொரு படையும் அங்கே தொய்யும், பத்துப் படை கழித்துப் பார்த்தால் சுவரில் பள்ளம் தெரியும். அதனால் ஒருவர் எப்போதும் கரண்டியோடு நாசிலுக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும்.

மண்ணைக் குழைத்த உடனே போடுவதைவிட, ஈரம் போட்டு மூடிப் புளிக்க வைத்துப் போட்டால் ஓட்டம் எவ்வளவோ மேல். களித்துகள் நன்றாக நீர் குடித்து ஊறிவிடும். கையால் சுவர் வைப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது. ரோபோ வந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஈரமண் சொன்ன காத்திருப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே இருப்பது உலரும்போது சுவர் உயரத்தில் குறையும். மெஷினுக்குக் கொடுத்த வடிவமைப்பு ஃபைலில் உயரம் ஒன்று, நேரில் உயரம் ஒன்று. நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினால்கூட 3 மீட்டர் சுவரில் 9 செ.மீ. போகும். நாசில் ஃபைலை நம்பி மேலே ஏறிக்கொண்டே போனால் மண் அந்தரத்திலிருந்து விழுந்து நெளியும். காலையில் வேலை தொடங்கும் முன் சுவரைச் சுற்றி உயரம் அளந்து மெஷினுக்குச் சொல்ல வேண்டும். வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே அளவு இறங்காது. கதவு நிலையைச் சுவர் முழுக்க உலர்ந்த பிறகுதான் பொருத்த வேண்டும். முன்கூட்டி வைத்தால் நிலை அப்படியே நிற்கும், சுவர் கீழே இறங்கும், மேலே இடைவெளி வாய் பிளக்கும்.

இரவு நிறுத்திவிட்டு மறுநாள் தொடங்கும்போது பழைய படையின் தலை காய்ந்திருக்கும். நீர் தெளித்து, கொஞ்சம் கீறிவிட்டுத்தான் புதுப் படை வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோட்டிலேயே பின்னால் பிரியும். சுவர் உடைந்தால் அங்கேதான் முதலில் உடையும்.

#8 வளைகோடு

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. அப்படியானால் குழாயையே விட்டுவிட்டால்? தண்ணீர் குறைவான மண்ணை ரோபோ கையாள வேறு வழி இல்லையா?

#9 ஈரமண்

இருக்கிறது. என் கணிப்பில் உண்மையான எதிர்காலம் அந்தப் பக்கம்தான்.

இடிஎச் சூரிக் பல்கலைக்கழகத்தினர் 2014இலேயே களிமண் உருளைகளை எந்திரம் தூரத்திலிருந்து எறிந்து சுவர் எழுப்பும் சோதனை ஒன்றைச் செய்தார்கள். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த யோசனை வளர்ந்து இப்போது, மண் கட்டிகளை விநாடிக்கு 10 மீட்டர் வரை வேகத்தில் சுவர் மேல் அடிக்கும் முறையாக வந்திருக்கிறது. விழுகிற வேகத்திலேயே கட்டி கீழே உள்ளதோடு ஒட்டி இறுகுகிறது. குழாயில் நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை என்பதால் கெட்டிப் பதத்தில் வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் குறைகிறது, காத்திருப்பும் குறைகிறது. கையால் மண் உருண்டையை ஓங்கி அடித்துச் சுவர் வைப்பவரின் வேலையைத்தான் அது செய்கிறது. பூச்சுக்கு முந்திய நிலையில் கரடுமுரடாக இருக்கும். படங்களில் அழகாக வராது, பரவாயில்லை.

அதே இடத்தார் 2021இல் பெர்ன் நகரில் இன்னொன்றும் செய்தார்கள். நகரும் ரோபோ ஒன்று 30,000க்கும் மேற்பட்ட மென்மையான களிமண் உருளைகளை ஒவ்வொன்றாகச் சாய்கோணத்தில் அழுத்தி அழுத்தி ஒட்டி, 5 மீட்டர் உயர வட்டச் சுவர் எழுப்பியது. கனம் 15 செ.மீ.தான். எப்படி நிற்கிறது? சுவர் அலை அலையாக நெளிந்து போகிறது, அந்த நெளிவே அதற்கு முதுகெலும்பு. இது கட்டிடத்துக்கு உள்ளே ஓர் இசைக்கூடத்தைச் சுற்றி நிற்பது, மழை அதன் மேல் படாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரோபோவுக்கு நான் கொடுக்கும் ஒரே பெரிய மதிப்பெண் இங்கேதான். நேர்ச்சுவரும் நெளிசுவரும் அதற்கு ஒரே வேலை. கையால் 3 மீட்டருக்கு ஒரே சீரான அலையை வைக்கச் சொல்லுங்கள், எந்தக் கொத்தனாரும் இரண்டு மடங்கு கூலி கேட்பார். கேட்பதும் நியாயம். மெலிந்த சுவர் நெளிந்து நிற்கும்போது மண் மிச்சமாகிறது, மண் மிச்சமானால் உலரும் நேரமும் மிச்சம்.

#10 நேர்குண்டு

திமிசு போடும் ரோபோ என்று சொல்லுங்கள். கடைசியில் என் பக்கம்தான் வந்து நிற்கிறீர்கள்.

#11 வெயில்மறைப்பு

வெப்பம் பற்றி யாரும் பேசவில்லையே? மண் சுவர் என்றாலே குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கெட்டி மண் வெப்பத்தைத் தேக்கி வைக்கும், தடுக்காது. பகலில் சூடும் இரவில் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் அது வரம். தொடர்ந்து கடுங்குளிராகவோ தொடர்ந்து புழுக்கமாகவோ இருக்கும் இடத்தில் கெட்டி மண் மட்டும் போதாது. அச்சு முறையில் உள்ளே வெற்றிடம் விட்டு உமியை நிரப்பலாம். காயாவில் செய்தது அதுதான். உமியில் சிலிக்கா அதிகம், எளிதில் மக்காது. ஆனால் உமி நாளடைவில் உள்ளுக்குள் அமுங்கும், மேலே காலியாகும். மேலிருந்து திரும்ப நிரப்ப வழி விடாமல் மூடிவிடாதீர்கள்.

#12 புதுசு21

மழை பெய்தால் கரைந்துவிடாதா? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

#13 சுண்ணாம்புக்காளவாய்

சிரிக்க ஒன்றும் இல்லை, சரியான கேள்வி. கரையும். கரைவதை ஏற்றுக்கொண்டு கட்டியவர்கள்தான் நிலைத்தார்கள். மாலி நாட்டில் ஜென்னே பெரிய மசூதி 1907இல் இப்போதைய வடிவில் கட்டப்பட்டது. ஊரே கூடி ஆண்டுதோறும் மேலே மண் பூசுகிறார்கள், அதற்காகத்தான் சுவரிலேயே மரக்கட்டைகள் சாரம்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏமனில் ஷிபாம் நகரத்துச் சுடாத பச்சைச் செங்கல் மாடிகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன, 2008 வெள்ளம் அதையும் விட்டுவைக்கவில்லை.

அச்சுச் சுவரில் இதற்கென்றே ஒரு தொல்லை உண்டு. படைக்குப் படை ஒரு விளிம்பு வெளியே புடைத்து நிற்கிறது. கண்ணுக்கு அழகு. மழை சாய்ந்து அடித்தால் ஒவ்வொரு வரப்பிலும் நீர் தங்கி, இரண்டு படை சேரும் கோட்டில் உள்ளே இறங்கும். கலவைமெஷின் சொன்ன அந்தப் பலவீனமான கோடேதான். அச்சின் அழகைக் காட்ட வேண்டும் என்று பூச்சில்லாமல் விடுவது கட்டிடத்துக்குச் செய்யும் துரோகம். நல்ல சேதி என்னவென்றால் அந்த வரப்புகள் பூச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் மண்ணும் சுண்ணாம்பும் கலந்து பூசிவிடலாம். ஈரம் உள்ளிருந்து வெளியே போக வழி வேண்டும், அதனால் சிமென்ட் பூச்சு கூடாது. உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும்போது மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும்.

அடியில் கல் பீடம், மேலே தாராளமான இறவாரம். குவிமாடத்துக்கு இறவாரம் இல்லை என்பதால்தான் டெக்லா மாதிரியை ஈரமான இடங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்சிலோனாவின் ஐஏஏசி கட்டிடக்கலைக் கல்வி நிறுவனம் 2022இல் வால்டவுராவில் அச்சிட்ட டோவா என்ற மண் கட்டிடத்துக்கு மரக்கூரை போட்டார்கள், புத்திசாலித்தனம்.

#14 நேர்குண்டு

நான் காத்திருந்த இடத்துக்கு வந்தாயிற்று. 2003 டிசம்பர் 26, ஈரானின் பாம். கோட்டையும் வீடுகளும் பச்சைச் செங்கல். நிலநடுக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் கூரையும் சுவரும் தூளாகி விழும்போது இடுக்கில் காற்றுக்கு இடமே இருக்காது, புதைந்தவர்கள் மூச்சுத்திணறியே போய்விடுவார்கள். மண் கட்டிடத்தின் காதலர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அச்சு வேறு படைக்குப் படை பலவீனக் கோடு சேர்த்து வைத்திருக்கிறது. பெருவில் மண் கட்டிடத்துக்கென்றே ஈ.080 என்ற விதி இருக்கிறது. அங்கே கயிற்று வலை, பிளாஸ்டிக் வலை கொண்டு இருபக்கமும் சுவரைக் கட்டி, அதிரும் மேடையில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1998 முதல் மண் கட்டிடத்துக்கு மூன்று தரநிலைகள் உண்டு. எல்லாமே கையால் கட்டிய மண்கல் சுவரையும் இடித்த சுவரையும் மனதில் வைத்து எழுதியவை. அச்சிட்ட மண் சுவரை அதில் எந்தப் பக்கத்தில் பொருத்துவீர்கள்? அனுமதி தரும் பொறியாளர் முதலில் கேட்பது அதுதான்.

#15 ஈரமண்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்னச் சேர்க்கையோடு. அச்சில் வெற்றிடம் விடுவதால் அதற்குள் மேலிருந்து கீழே கம்போ கயிறோ இறக்கி, அஸ்திவாரத்திலும், சுவரின் தலையைச் சுற்றிக் கட்டும் மேல்வளையத்திலும் கட்ட முடியும். கெட்டிச் சுவரில் அது அவ்வளவு எளிதல்ல. மரத்தாலான மேல்வளையம் இல்லாமல் எந்த மண் சுவரையும் முடிக்கக் கூடாது, அச்சானாலும் கையானாலும்.

#16 வளைகோடு

எல்லாருக்கும் நன்றி. ஈரமண் போட்ட 12 நிமிடக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூடத்துக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் வளைந்த இருக்கைச் சுவர்களும் திட்டத்தில் உண்டு, எல்லாம் ஒரே கை எட்டும் வட்டத்துக்குள். கூடத்தில் ஒரு படை, அப்புறம் இருக்கைச் சுவரில் ஒரு படை, திரும்பக் கூடத்துக்கு என்று மாறி மாறிப் போனால் மெஷின் சும்மா நிற்காது, மண்ணுக்கும் உலர நேரம் கிடைக்கும். கதவுக்கு இருபக்கமும் ஒரு மீட்டருக்கு இடித்த மண் தூண்கள், நேர்குண்டு சொன்ன பதத்தில், திமிசு போட்டு. நடுவில் வளைவுகள் மட்டும் அச்சு. மேலே மர வளையம், அகலமான கூரை. சிமென்ட் இல்லை.

#17 நேர்குண்டு

தூணும் அச்சுச் சுவரும் சேரும் இடத்தில் கவனம். ஒன்று உலர்ந்து வந்தது, இன்னொன்று இனிமேல்தான் சுருங்கப் போகிறது. ஒட்டி வைக்காதீர்கள். தூணில் நெடுக ஒரு பள்ளம் விட்டு, அதற்குள் அச்சுச் சுவரின் முனை நுழையும்படி செய்யுங்கள். சுருங்கி முடிந்தபின் இடைவெளியை மண்ணால் அடைக்கலாம்.

#18 கலவைமெஷின்

ஃபைல் போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்கள் கலவையில் இரண்டடி விட்டத்துக்கு ஒரு வளையத்தை நிறுத்தாமல் அச்சிட்டு, எந்தப் படையில் வயிறு தள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வளையத்துக்குப் படைக்கு 10 நிமிடம் காத்திருங்கள், அதற்கடுத்ததற்கு 20, அப்புறம் 30. வெயில் நாளில் ஒரு தடவை, மூடிய வானத்தில் ஒரு தடவை. உங்கள் அட்டவணை அதிலிருந்துதான் வரும், வேறொருவரின் 34 நிமிடத்திலிருந்து அல்ல. நின்ற வளையங்களை உலரவிட்டு வெடிப்பைப் பாருங்கள். நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் மணலையோ வைக்கோலையோ கூட்ட வேண்டும்.

நாசில் எத்தனை மி.மீ. என்று சொல்லவே இல்லையே?

#19 வளைகோடு

40.

#20 கலவைமெஷின்

அப்போ வைக்கோலை 2 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். சல்லடை 4 மி.மீ. போதும்.